வேடத்தின் பின்னால் ஒரு மனிதன்

1931ஆம் ஆண்டின் இறுதியிலே அமெரிக்கப் படமாளிகைகளில் 'பிராங்கன்ஸ்டைன்' என்னும் பேசும் படம் திரையிடப்பட்டது. தொடக்கத்தில் நடிகர்களின் பெயர்கள் ஒவ்வொன்றாகத் தோன்றின. அரக்கன் என்ற பாத்திரத்துக்கு எதிரே மட்டும் பெயர் இல்லை. ஒரு கேள்விக்குறியே இருந்தது. படம் முடிந்த பின்னர் காட்டப்பட்ட பட்டியலிலேதான் அக்கேள்விக்குறிக்கு விடை கிடைத்தது: பொரிஸ் கார்லோவ்.

நாற்பத்து நான்கு வயதை எட்டியிருந்த அந்நடிகர் அதற்கு முன்னர் ஏறத்தாழ எண்பது படங்களில் தோன்றியிருந்தார். ஆயினும் அவரை அறிந்தவர் மிகச் சிலரே. ஒரு மனிதனின் பெயர் வெளிச்சத்துக்கு வருவதற்கு அவனுடைய முகம் முற்றாக மறைய வேண்டியிருந்தது என்பது விந்தையன்றோ!

அந்தப் பெயருங்கூட அவர் தமக்குத் தாமே இட்டுக்கொண்டதே. அவருடைய இயற்பெயர் வில்லியம் ஹென்றி பிராட். 1887ஆம் ஆண்டு நவம்பர் 23ஆம் நாள் தென் இலண்டனிலுள்ள கம்பர்வெல்லில், ஒன்பது பிள்ளைகளில் கடைக்குட்டியாகப் பிறந்தார். தந்தையார் இந்தியாவில் உப்பு வரித் திணைக்களத்தில் பணியாற்றியவர். பெற்றோர் இருவரையும் இளமையிலேயே இழந்த சிறுவனை மூத்த உடன்பிறப்புகளே வளர்த்தனர். அண்ணன்மார் பலர் பிரித்தானியப் பேரரசின் உத்தியோகங்களில் அமர்ந்தனர். தம்பியும் தூதரக சேவைக்கே செல்வான் என்பது குடும்பத்தின் முடிவு. ஆனால் ஒன்பதாம் வயதிலே 'சிண்டெரெல்லா' நாடகத்தில் பூதராசன் வேடம் பூண்ட சிறுவனின் நெஞ்சம் அன்றே மேடைக்குப் பறிபோய்விட்டது.

அவருடைய மேனி நிறம் சற்றுக் கருமையானது. பெற்றோர் இருவர் வழியிலும் இந்திய இரத்தக் கலப்பு உண்டு. சீயத்து மன்னரின் அரண்மனையில் ஆசிரியையாக இருந்து புகழ்பெற்ற அன்னா லியோனோவன்ஸ் அம்மையார், இவருடைய பாட்டியின் உடன்பிறந்தவர். அகமதுநகரில் பிறந்த அவ்வம்மையார் தாம் வேல்ஸில் பிறந்ததாகவே உலகுக்குச் சொல்லி வாழ்ந்தார். கார்லோவும் தமது குடும்பத்தின் இந்தியத் தொடர்பைப் பற்றி வாய் திறந்ததில்லை. நிறத்தைக் கொண்டு மனிதரை நிறுத்துப் பார்த்த அந்தக் காலத்தில், மேடை ஏறுவதற்கு முன்னரே இக்குடும்பத்தார் வேடமிட்டுப் பழகியிருந்தனர் போலும்.

1909ஆம் ஆண்டில் அவர் கனடாவுக்குக் கப்பலேறினார். தோட்டங்களில் கூலி வேலை செய்தார், மண்வெட்டி பிடித்தார். 1911இல் தமக்கு நடிப்பில் அனுபவம் உண்டென்று துணிந்து பொய் கூறி, ஓர் ஊர்சுற்றும் நாடகக் குழுவிற் சேர்ந்தார். திரை எழும்போது வாரத்துக்கு முப்பது டொலராக இருந்த தமது சம்பளம், திரை விழும்போது பதினைந்தாகிவிட்டது என்று பிற்காலத்தில் அவரே நகைத்துச் சொல்வதுண்டு. நடிப்பு அவ்வளவு மோசமாயிருந்ததாம்! குடும்பப் பெயருக்கு இழுக்கு நேரக்கூடாது என்ற எண்ணத்துடன் 'பொரிஸ் கார்லோவ்' எனும் ருசியச் சாயல்கொண்ட பெயரைச் சூடிக்கொண்டதும் இக்காலத்திலேதான்.

நாடகக் குழுக்களோடு அலைந்து அவர் ஹொலிவூட்டை அடைந்தபோது மௌனப் படங்களின் காலம் உச்சத்தில் இருந்தது. கூட்டத்தில் ஒருவராக நிற்பதற்கு நாளொன்றுக்கு ஐந்து டொலர். கருமை கலந்த முகம் இங்கே பயன்பட்டது: அராபியர், மெக்சிக்கர், இந்தியர் என்று எந்நாட்டு வில்லனாகவும் அவரை நிறுத்தினர். வாய்ப்பில்லாத நாட்களில் கட்டிடப் பொருள்களை ஏற்றிச் செல்லும் லொறி ஓட்டினார். அக்காலத்தின் பெரும் நடிகரான லொன் சேனி, மற்றெவராலும் செய்ய இயலாத ஒன்றைக் கண்டுபிடித்துக்கொள் என்று அவருக்கு அறிவுரை கூறினார்.

அந்த ஒன்று, பிராங்கன்ஸ்டைனின் படைப்பாக வந்து வாய்த்தது. யூனிவேர்சல் நிறுவனத்தின் உணவுச்சாலையில் அமர்ந்திருந்த கார்லோவின் முகவெட்டு, படத்தின் இயக்குநரான ஜேம்ஸ் வேலின் கண்ணிற் பட்டது. வேலும் ஓர் ஆங்கிலேயரே. முன்னர் பேலா லுகோசிக்கென எண்ணப்பட்டிருந்த பாத்திரம் கார்லோவிடம் வந்து சேர்ந்தது.

நாள்தோறும் ஏறத்தாழ நான்கு மணி நேரம் ஒப்பனைக் கலைஞர் ஜாக் பியேர்ஸ் அவர் முகத்திலே வேலை செய்தார். கன்னம் ஒட்டித் தெரியும்பொருட்டுக் கார்லோவ் தமது செயற்கைப் பற்களைக் கழற்றிவிட்டார். கண்களில் உயிரின் கூர்மை மிகுந்து தெரிகிறதெனக் கருதி, இமைகளின் மேல் மெழுகு பூசச் சொன்னதும் அவரே. கால்களில் பாரமான சப்பாத்துகள். கடுங்கோடையில் தடித்த உடை. ஒருமுறை வேலை இருபத்தைந்து மணி நேரம் இடைவிடாது நீண்டது. விஞ்ஞானியாக நடித்த கொலின் கிளைவைத் தோளிற் சுமந்து காற்றாலைக்கு ஏறும் காட்சியை மீண்டும் மீண்டும் எடுத்தனர். அதன் பயனாய் வந்த முதுகு நோவு ஆயுள் முழுவதும் அவரை விட்டகலவில்லை.

ஒரு சொல்லும் பேசாத அந்த அரக்கனுக்கு அவர் ஒரு குழந்தையின் உள்ளத்தைக் கொடுத்தார். முதன்முதலாக மேலிருந்து விழும் ஒளியைக் கண்டு, அதனைக் கைகளாற் பற்ற முயலும் காட்சி ஒன்றே சான்றாகும். ஏரிக்கரையில் ஒரு சிறுமி அவனுடன் விளையாடுகிறாள், இருவரும் பூக்களை நீரில் எறிகின்றனர், பூக்கள் மிதக்கின்றன. கையிலிருந்த பூ தீர்ந்ததும், இவளும் பூவைப்போல் மிதப்பாள் என்றெண்ணி அவன் அவளைத் தூக்கி எறிந்துவிடுகிறான். அவள் மூழ்கக் கண்டு திகைத்து ஓடுகிறான். அக்காட்சியின் இறுதிப் பகுதி தணிக்கைக்கு இரையாயிற்று. விளைவு யாது? அவன் கை நீட்டுவதையும், பின்னர் தந்தை தன் மகளின் சடலத்தைச் சுமந்து வருவதையும் மட்டும் கண்ட மக்கள், நடந்ததிலும் கொடியதைக் கற்பனை செய்துகொண்டனர். அறியாமையால் நேர்ந்த பிழை வஞ்சகமாகத் தோன்றலாயிற்று. வெட்டப்பட்ட துண்டு 1980களிலேதான் மீண்டும் படத்திற் சேர்க்கப்பட்டது.

புகழ் வந்த பின்னர் பலர் பழைய பட்டினியை மறந்துவிடுவர், கார்லோவ் மறக்கவில்லை. 1933ஆம் ஆண்டு மார்ச்சில் படநிறுவனங்கள் நடிகர்களின் சம்பளத்திற் பாதியைக் குறைத்தபோது, நடிகர் சிலர் இரகசியமாகக் கூடித் திரைநடிகர் சங்கத்தைத் தோற்றுவித்தனர். நிறுவியவர்களுள் கார்லோவும் ஒருவர். அவரது உறுப்பினர் இலக்கம் 9. வேலை நேரத்துக்கு ஓர் எல்லை வேண்டுமென்பதை அவருடைய முதுகே அறிந்திருந்தது. நான்காண்டுகள் கழித்து, 1937இல், நிறுவனங்கள் சங்கத்தை ஏற்று ஒப்பந்தம் செய்தன.

அதே 1933இல், ஒரு படத்துக்காக அவர் இங்கிலாந்து திரும்பினார். ஏறத்தாழ இருபத்து நான்கு ஆண்டுகளுக்குப் பின் அண்ணன்மாரைச் சந்திக்கும் வேளை! பெரும் பதவியிலிருந்தோர் தம்மை இகழ்வரோ என்று அஞ்சினார். பத்திரிகையாளர் படம் பிடிக்க விரும்புகின்றனர் என்று தயங்கித் தயங்கிச் சொன்னார். அண்ணன்மாரோ யார் எவ்விடத்தில் நிற்பதென்று தமக்குள் போட்டியிடத் தொடங்கினர். அந்த மகிழ்ச்சியைத் தம் வாழ்நாளின் பேறுகளுள் ஒன்றாக அவர் கூறிவந்தார்.

பின்னர் வேடங்கள் பல வந்தன. 1941இல் நியூயோர்க் மேடையேறிய ஒரு நகைச்சுவை நாடகத்தில், 'பொரிஸ் கார்லோவைப் போலிருக்கிறாய்' என்று எவரேனும் கூறினாற் சினந்து பொங்கும் கொலைகாரனாக அவரே நடித்து, தம்மைத் தாமே எள்ளி நகைத்தார். 1968இல் வெளிவந்த 'டார்கெட்ஸ்' என்ற படத்தில், உலகில் நிகழும் உண்மைக் கொலைகளின் முன்னே தன் பயங்கரப் படங்கள் வெறும் விளையாட்டாகிவிட்டன என்று சலித்த முதிய நடிகராகத் தோன்றினார். நோயும் தளர்வும் வாட்டியபோதும் நடிப்பை அவர் விடவில்லை. 1969ஆம் ஆண்டு பெப்ரவரி 2ஆம் நாள் இங்கிலாந்தில் காலமானார். சட்டப்படி அவர் பெயர் அன்றுவரை வில்லியம் ஹென்றி பிராட்டே.

அரக்கனைப் பார்த்த சிறுவர் பலர் அவருக்குக் கடிதம் எழுதினர். அவர்கள் அஞ்சியதாக எழுதவில்லை. அந்த உயிருக்காக இரங்கியே எழுதினர். பெரியோர் கோரத்தைக் கண்ட இடத்தில் குழந்தைகள் துயரத்தைக் கண்டுகொண்டனர். கேள்விக்குறிக்குப் பின்னால் இருந்த மனிதனை முதலில் அறிந்தவர்கள் அவர்களே.