பேங்க் வக்கீல் பார்த்தது யாருக்காக?

ஃப்ளாட் வாங்கியவரிடம் "பத்திரமெல்லாம் வக்கீல்கிட்ட காட்டினீங்களா?" என்று கேட்டால், "பேங்க் வக்கீலே பார்த்து ஓகே சொல்லிட்டாரே" என்பார். அந்த வக்கீல் பார்த்தது வங்கிக்காக. கடன் கட்டாமல் போனால் இந்தச் சொத்தை ஏலம் விட்டுப் பணத்தை எடுக்க முடியுமா என்பதுதான் அவரிடம் கேட்கப்பட்ட கேள்வி. கார் எங்கே நிற்கும், மொட்டை மாடி யாருக்கு, முப்பது வருடம் கழித்துக் கட்டடத்தை இடித்தால் உங்களுக்கு என்ன மிஞ்சும் என்பதெல்லாம் அவர் வேலையில் சேராது. அதைப் பார்க்க நீங்கள் ஃபீஸ் கொடுத்து ஒருவரை அமர்த்த வேண்டும். ஒரு கோடி ரூபாய்க்கு வீடு வாங்குகிறவர்கள் சிக்கனம் பிடிப்பது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

அப்படி அமர்த்திய வக்கீல் முதலில் புரட்டுவது பத்திரத்தின் கடைசிப் பக்கங்களை. 'ஏ' ஷெட்யூலில் மொத்த மனையின் அளவு இருக்கும். 'பி' ஷெட்யூலில் உங்களுக்கு விற்கப்படும் பிரிபடாத பாகம், அதாவது யுடிஎஸ். ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். இரண்டு கிரவுண்ட் மனை, 4,800 சதுர அடி. அதில் தலா 900 சதுர அடியில் எட்டு வீடுகள். எல்லாம் ஒரே அளவு என்பதால் வீட்டுக்கு 600 சதுர அடி யுடிஎஸ் வர வேண்டும். பத்திரத்தில் 525 என்று இருக்கிறது. எட்டுப் பேருக்கும் சேர்த்து 4,200. மீதி 600 சதுர அடி பழைய நிலச் சொந்தக்காரர் பெயரிலேயே தங்கிவிடும். குடியேறிய பிறகு இருபது, முப்பது வருடம் யாருக்கும் இது உறைக்காது. எல்லோரும் அதே படியில் ஏறி, அதே லிஃப்ட்டில் இறங்கிக்கொண்டிருப்பார்கள்.

அடுத்தது, கையெழுத்துப் போடுகிறவர் யார் என்பது. சென்னையில் பெரும்பாலும் நிலம் ஒருவருடையது, கட்டுகிறவர் இன்னொருவர். சொந்தக்காரர் கொடுத்த பொது அதிகாரப் பத்திரத்தை வைத்து பில்டர் விற்பார். அந்த பவர் இன்னும் உயிரோடு இருக்கிறதா, கொடுத்தவரும் உயிரோடு இருக்கிறாரா என்று பார்க்க வேண்டும். பவர் பத்திரத்தை மட்டும் வாங்கி வைத்துக்கொண்டால் சொத்து கைமாறியதாகாது என்று உச்ச நீதிமன்றம் 2011-இலேயே சொல்லிவிட்டது. வில்லங்கச் சான்றிதழ், தாய்ப்பத்திரம், பட்டா, அனுமதி பெற்ற வரைபடம் ஆகியவை வழக்கமான சரிபார்ப்பு. எந்த வக்கீலும் விடமாட்டார்.

2016-இல் வந்த ரெரா (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை) சட்டம் வாங்குகிறவர் கையைக் கொஞ்சம் பலப்படுத்தியது. பதிவு செய்த விற்பனை ஒப்பந்தம் இல்லாமல் விலையில் 10 சதவீதத்துக்கு மேல் பில்டர் வாங்கக் கூடாது. வசூலிப்பதில் 70 சதவீதம் அந்தத் திட்டத்துக்கான தனிக் கணக்கில் கிடக்க வேண்டும். அனுமதி பெற்ற பிளானில் பெரிய மாற்றம் என்றால் வாங்கியவர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் எழுத்தில் சம்மதிக்க வேண்டும். ஆனால் 500 சதுர மீட்டருக்கு மேற்படாத மனைக்கும், எட்டு வீட்டுக்கு மேற்படாத கட்டடத்துக்கும் ரெரா பதிவிலிருந்து விலக்கு உண்டு. நம் 4,800 சதுர அடி என்பது சுமார் 446 சதுர மீட்டர், வீடுகளும் எட்டு. எட்டோடு நின்றுவிட்ட கட்டடத்தைத் தெருவில் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இந்தக் கணக்குத்தான் ஞாபகம் வரும்.

கார் பார்க்கிங் தகராறு இல்லாத அடுக்குமாடி அபூர்வம். தூண்களுக்கு நடுவே திறந்து கிடக்கும் ஸ்டில்ட் இடத்தைத் தனியாக விலை பேசி விற்க பில்டருக்கு உரிமை இல்லை என்று 2010-இல் ஒரு மும்பை வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதற்குப் பிறகும் 'கவர்டு கார் பார்க்கிங்' என்று பில்லில் ஒரு வரி வந்துகொண்டுதான் இருக்கிறது. மொட்டை மாடியும் அப்படியே. ரெரா சட்டம் அதைப் பொது இடங்களின் பட்டியலில் வைத்திருக்கிறது. மேல் வீட்டுக்காரருக்கு 'டெரஸ் உரிமை' எழுதித் தந்தால் வாட்டர் டேங்க் கழுவப் போகிறவரும் அவரிடம் சாவி கேட்டு நிற்க வேண்டும்.

குடியேறிய பிறகு வக்கீலுக்கு வேலை தருவது வீட்டுக்காரர்கள் சங்கம். ரெராவின்படி, பொது இடங்களைச் சங்கத்தின் பெயருக்கு பில்டர் எழுதிக் கொடுக்க வேண்டும். வரைபடங்களையும் ஆவணங்களையும் ஒப்படைக்க வேண்டும். கட்டுமானக் கோளாறு ஐந்து வருடத்துக்குள் தெரியவந்தால், சொன்ன 30 நாளில் இலவசமாகச் சரிசெய்ய வேண்டும். இந்த 30 நாள் எப்போது ஆரம்பித்தது என்று காட்ட உங்களிடம் தேதி போட்ட கடிதம் வேண்டும். வாட்ஸ்அப் குரூப்பில் புலம்பிவிட்டுச் சும்மா இருந்தால், "எங்களுக்குத் தெரியவே தெரியாது" என்பார் பில்டர்.

இப்போது சென்னையில் சூடு பிடித்திருப்பது மறுகட்டுமானம். பழைய அடுக்குமாடியை இடிக்க முன்பு எல்லோரும் ஒத்துவர வேண்டியிருந்தது. ஒருவர் மறுத்தால் ஊரே காத்திருக்கும். 2024 மார்ச்சில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாடு அடுக்குமாடிக் குடியிருப்பு உரிமைச் சட்டம் மூன்றில் இரண்டு பங்கினர் சம்மதம் போதும் என்கிறது. எட்டு வீட்டில் ஆறு கையெழுத்து. 2019 கட்டட விதிகளின்படி, சாலை அகலம் போன்ற நிபந்தனைகள் பொருந்தினால், உயரமல்லாத கட்டடத்துக்குத் தளப்பரப்புக் குறியீடு 2. அதாவது 4,800 சதுர அடி மனையில் 9,600 சதுர அடி கட்டலாம். இருப்பது 7,200. கூடுதலாக வரும் 2,400-ஐ நம்பித்தான் பில்டர் வாசலுக்கு வருகிறார்.

அப்போதுதான் அந்த 600 சதுர அடியும் வெளியே வரும். மனையில் எட்டில் ஒரு பங்கு இன்னும் பழைய சொந்தக்காரர் பெயரில் இருக்கிறது என்று பில்டரின் வக்கீல் கண்டுபிடிப்பார். அவர் காலமாகியிருந்தால் வாரிசுகளைத் தேட வேண்டும். ஒருவர் வெளிநாட்டில் இருந்தால் அங்கிருந்து பவர் வர வேண்டும். மைனர் இருந்தால் நீதிமன்ற அனுமதியும் தேவைப்படலாம். அவர்கள் கேட்கும் விலை இன்றைய விலையாகத்தான் இருக்கும், அதை எட்டு வீட்டுக்காரர்களும் பகிர்ந்து கொடுக்க வேண்டும்.