கயிறு யார் கையில்?

"நேற்று நான் கடலுக்கு அடியில் இருந்தேன்" என்று ஒரு நாள் காலை நிகழ்ச்சியில் சொல்லிவிட்டேன். அடுத்த பாட்டு முடிவதற்குள் நேயர்களின் குரல் பதிவுகள் வந்து குவிந்துவிட்டன. தைப்பிங்கிலிருந்து ஓர் அக்கா, "பயமா இல்லையா தங்கச்சி?" என்று கேட்டார். தெலுக் இந்தான் அண்ணன் ஒருவர் செலவு எவ்வளவு என்று விசாரித்தார். ஆனால் அதிகம் பேர் கேட்டது இதுதான்: "போனா நல்லா இருக்குமா?"

நன்றாகவும் இருக்கும், நரகமாகவும் இருக்கும். இரண்டையும் பார்த்தவள் நான். கடல் ஒன்றுதான், மீன்களும் கிட்டத்தட்ட அதே மீன்கள்தான். வேறுபட்டது எது என்பதைத்தான் இங்கே சொல்லப் போகிறேன்.

நான் பத்து காஜா பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தவள். அம்மா பால் மரம் வெட்டியவர். எங்களுக்குத் தெரிந்த தண்ணீர் இரண்டே வகை. ஒன்று லயத்துப் பொதுக் குழாயில் வருவது, மற்றொன்று ஈயக் குட்டையில் நிற்பது. கிந்தா பள்ளத்தாக்கில் ஈயம் தோண்டிய இடமெல்லாம் குட்டையாகிப் போன கதை உங்களுக்குத் தெரியும். பார்க்க அழகாகப் பச்சை நிறத்தில் இருக்கும். இறங்கினால் இரண்டாவது அடியிலேயே ஆழம். எங்கள் பள்ளிப் பையன் ஒருவன் அப்படி இறங்கி, திரும்பி வரவில்லை. அன்றிலிருந்து எங்கள் வீட்டில் ஒரே சட்டம்: தண்ணீர் பக்கம் போகக்கூடாது.

தோட்டத்தை விற்றுத் துண்டு போட்டார்கள். லயத்தை இடித்தார்கள். நாங்கள் ஈப்போவுக்கு வந்தோம். சட்டம் மட்டும் மாறவில்லை. 29 வயது வரை எனக்கு நீச்சல் தெரியாது. அண்ணி வந்த பிறகுதான், "வாங்க, ரெண்டு பேரும் சேர்ந்தே கத்துக்குவோம்" என்று என்னைக் குளத்துக்கு இழுத்துப் போனார். அண்ணி ஒரு தாதி. பேச்சு குறைவு, கவனம் அதிகம்.

ஸ்கூபா முக்குளிப்பின் முதல் சான்றிதழுக்குப் பெரிய நீச்சல் வீராங்கனையாக இருக்க வேண்டியதில்லை. பாடி அமைப்பின் பயிற்சியில், நிற்காமல் 200 மீட்டர் நீந்த வேண்டும், 10 நிமிடம் மிதக்க வேண்டும். எவ்வளவு நேரத்தில் என்ற கணக்கு இல்லை. அந்த இரண்டும் வந்ததும் எனக்குத் தலைகால் புரியவில்லை.

நரகமான மூன்று நாள்

முதல் பயணம் கிழக்குக் கரைத் தீவு ஒன்றுக்கு. பெயர் வேண்டாம். அண்ணிக்கு விடுப்பு கிடைக்கவில்லை. நண்பர்களோடு கிளம்பினேன். இருப்பதிலேயே மலிவான பயிற்சியைத் தேடிப் பிடித்ததும் நானேதான்.

கிளம்புவதற்கு முந்திய நாள் சளி பிடித்தது. உடல்நிலைப் படிவத்தில் சளி, காது, மூக்கு பற்றிக் கேட்டிருந்தார்கள். எல்லாவற்றுக்கும் 'இல்லை' என்று எழுதினேன். கட்டிய பணம் போய்விடுமே! மூக்கடைப்பு மாத்திரை ஒன்றைப் போட்டுக்கொண்டேன்.

ஓர் ஆசிரியருக்கு நாங்கள் பதினொரு பேர். திறந்த கடலில் எட்டு மாணவர்தான் உச்ச வரம்பு என்பதெல்லாம் எனக்குப் பிறகுதான் தெரியும். எனக்குக் கொடுத்த முகக் கண்ணாடியில் தண்ணீர் கசிந்தது. "பரவாயில்லை, பழகிவிடும்" என்றார்கள். உனக்குத் துணை இவர் என்று ஒருவரைக் காட்டினார்கள். அவர் பெயரைக் கேட்பதற்குள் படகிலிருந்து குதித்துவிட்டார்.

நான்கு மீட்டர் இறங்கியிருப்பேன். வலது காதில் ஊசி குத்தியது. கையை ஆட்டி ஆசிரியரைக் கூப்பிட்டேன். அவர் வேறு யாரையோ பிடித்துக்கொண்டிருந்தார். எல்லோரும் இறங்குகிறார்களே என்று நானும் பல்லைக் கடித்துக்கொண்டு இறங்கினேன். மீன் பார்த்தேனா, பவளம் பார்த்தேனா, ஞாபகம் இல்லை. வலி மட்டும் ஞாபகம் இருக்கிறது. மூன்றாம் நாள் காலையும் இறங்கினேன். அதுவும் கட்டிய காசுக்காக.

அன்று மதியமே காரில் கிளம்பி, ஜெலி – கெரிக் வழியாகக் கிழக்கு மேற்கு நெடுஞ்சாலையில் திரும்பினோம். தித்திவங்சா மலைத்தொடரைக் கடக்கும் சாலை. ஏற ஏற, காது வெடித்துவிடும் போல இருந்தது.

மறுநாள் காது மருத்துவர் பார்த்துவிட்டுச் செவிப்பறையில் இரத்தம் கட்டியிருக்கிறது என்றார். அவரும் முக்குளிப்பவராம். "கடைசியாக எப்போது இறங்கினீர்கள்? வீட்டுக்கு எந்த வழியாக வந்தீர்கள்?" என்று கேட்டார். சொன்னேன். சற்று நேரம் என்னையே பார்த்தார். "காதோடு போனது உங்கள் நல்ல நேரம்" என்றார்.

இரண்டு வாரம் ஹெட்போன் மாட்டக்கூடாது என்று உத்தரவு. வானொலிக்காரிக்கு அது சோற்றில் மண். அம்மா திட்டவில்லை. "காதுதானே பிள்ளை ஒனக்குச் சோறு போடுது" என்று மட்டும் சொன்னார். திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது.

மருத்துவர் நடத்திய பாடம்

கடல் மட்டத்தில் நம்மீது இருக்கும் காற்றழுத்தம் 10 மீட்டர் ஆழத்தில் இரண்டு மடங்காகிறது. 20 மீட்டரில் மூன்று மடங்கு. விகிதப்படி பார்த்தால் பெரிய மாற்றம் முதல் 10 மீட்டரிலேயே நடந்துவிடுகிறது. அதனால்தான் நான்கு மீட்டரிலேயே காது வலிக்கிறது. மூக்கைப் பிடித்து மெதுவாக ஊதி, காதுக்குள் காற்றைச் சமப்படுத்த வேண்டும். முடியவில்லை என்றால் ஒரு மீட்டர் மேலே வந்து மறுபடி முயல வேண்டும். அப்போதும் முடியவில்லை என்றால் அன்றைக்கு அவ்வளவுதான். சளி இருந்தால் காதுக்குப் போகும் குழாயே அடைத்துக்கொள்ளும். மாத்திரை போட்டுத் திறந்து வைத்தாலும், நீருக்கடியில் அதன் வேகம் குறைந்துவிட்டால், மேலே வரும்போது உள்ளே விரியும் காற்றுக்கு வழி இருக்காது.

அடுத்தது நைட்ரஜன். முதுகில் சுமக்கும் டேங்கில் இருப்பது ஆக்ஸிஜன் என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை, பெரும்பாலும் நாம் மூச்சுவிடும் இதே காற்றுதான். ஆழத்தில் அழுத்தம் கூடும்போது அதிலுள்ள நைட்ரஜன் இரத்தத்திலும் தசையிலும் கரைகிறது. மெதுவாக மேலே வந்தால் மூச்சு வழியாக வெளியேறிவிடும். அவசரப்பட்டால், சோடா பாட்டிலைப் படக்கென்று திறந்த கதைதான். உடம்புக்குள் குமிழி கிளம்பும். மூட்டு வலியில் தொடங்கி, கைகால் செயலிழப்பு வரைக்கும் கொண்டுபோய் விடலாம். அதனால்தான் நிமிடத்துக்கு 9 மீட்டருக்கு மேல் வேகமாக ஏறாமல், 5 மீட்டர் ஆழத்தில் மூன்று நிமிடம் நின்று வரச் சொல்கிறார்கள்.

கரைக்கு வந்ததும் கதை முடிந்துவிடுவதில்லை. உடம்பில் மிச்ச நைட்ரஜன் பல மணி நேரம் இருக்கும். முக்குளிப்போர் பாதுகாப்புக்கான டான் அமைப்பின் வழிகாட்டுதல்படி, ஒரே ஒரு முறை இறங்கியிருந்தால் விமானம் ஏற 12 மணி நேரமாவது காத்திருக்க வேண்டும். பல முறை, பல நாள் இறங்கியிருந்தால் 18 மணி நேரமாவது ஆக வேண்டும். விமானம்தானே, நாம் காரில் போகிறவர்கள் என்று நினைக்காதீர்கள். ஏறக்குறைய 600 மீட்டர் உயரத்திலிருந்தே இந்தக் கவனம் தேவை. கிழக்கு மேற்கு நெடுஞ்சாலை ஏறக்குறைய 1,000 மீட்டர் உயரத்துக்கு ஏறி இறங்குகிறது. லோஜிங், கேமரன் மலை வழியாகச் சிம்பாங் பூலாய்க்கு வந்தால் அதைவிட உயரம். கிழக்குக் கரையிலிருந்து ஈப்போவுக்கு நாம் வழக்கமாக வரும் பாதை இரண்டும் மலைப்பாதைதான். காலையில் கடலுக்கு அடியில், மதியம் மலை உச்சியில். அதைத்தான் நான் செய்திருந்தேன்.

குமிழி நோய் வந்தவர்களை அழுத்த அறையில் வைத்துத்தான் குணப்படுத்த வேண்டும். நம் பேராக்கிலேயே லுமுட் இராணுவ மருத்துவமனையில் அந்த வசதி உண்டு. "அதை நீங்கள் வெளியிலிருந்து பார்த்தால் போதும்" என்றார் மருத்துவர்.

மச்சான் பிடித்த கயிறு

கடலுக்கடியில் இறங்குவது நம்மவர்களுக்குப் புதிதல்ல. தூத்துக்குடியிலும் மன்னாரிலும் காலங்காலமாக முத்துக் குளித்தவர்கள் தமிழர்கள். அவர்களிடம் டேங்க் இல்லை, கண்ணாடி இல்லை. காலில் ஒரு கல்லைக் கட்டி இறங்குவார்கள். மேலே தோணியில் ஒருவர் கயிற்றைப் பிடித்துக்கொண்டிருப்பார். கீழே இருப்பவர் கயிற்றை அசைத்ததும் இழுக்க வேண்டும். நொடி தாமதித்தாலும் போச்சு. அந்தக் கயிற்றை மச்சானிடம்தான் கொடுப்பார்கள் என்று சொல்வதுண்டு. தங்கையின் தாலி தன் கையில் இருக்கிறது என்ற நினைப்பு அவனுக்கு இருக்குமாம்.

இன்று கயிறு கண்ணுக்குத் தெரியாது. ஆனால் இருக்கிறது. துணைக்கு இறங்குபவர் கையில் ஒரு முனை, ஆசிரியர் கையில் ஒரு முனை, படகோட்டும் தெக்கோங் கையில் ஒரு முனை. 2022 ஏப்ரலில் மெர்சிங் கடலில் நடந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். பயிற்சிக்காக இறங்கிய நால்வர் மேலே வந்து பார்த்தபோது படகைக் காணோம். மூன்று பேரை மீட்டார்கள். அவர்களில் இருவர் இரண்டு நாளுக்கும் மேலாக மிதந்தவர்கள். 14 வயதுப் பையன் ஒருவன் உயிரோடு கரை சேரவில்லை. படகோட்டி போதைப்பொருள் உட்கொண்டிருந்ததாகச் சோதனையில் தெரிந்தது. அங்கே கடல் யாரையும் கைவிடவில்லை, கயிறு பிடித்தவர்தான் கைவிட்டார்.

'தாக் போலே' என்ற நல்ல வார்த்தை

ஒரு வருடம் கழித்து மறுபடி கிளம்பினேன். இந்த முறை அண்ணியோடு, பெர்ஹெந்தியானுக்கு. பங்கோர் பக்கத்தில் இருக்கிறதே, அங்கே போகலாமே என்பீர்கள். மலாக்கா நீரிணையில் தண்ணீர் கலங்கல் அதிகம். பவளப் பாறையைத் தெளிவாகப் பார்க்கக் கிழக்குக் கரைதான் சரி. அதுவும் பருவமழைக்கு முன்னால், மார்ச் முதல் அக்டோபருக்குள்.

அண்ணி இரண்டு மூன்று இடங்களுக்குப் போன் செய்து, மருந்துச் சீட்டைச் சரிபார்ப்பதுபோல் விசாரித்துவிட்டுத்தான் பணம் கட்டினார். எங்கள் குழுவில் நான்கே பேர். முதல் நாள் முழுக்க இடுப்பளவு தண்ணீரில்தான். கண்ணாடிக்குள் நீர் புகுந்தால் மூக்கால் ஊதி வெளியேற்றுவதை நூறு முறை செய்திருப்பேன்.

இரண்டாம் நாள் தோக்கோங் லாவுட். கடலுக்குள்ளிருந்து எழுந்து நிற்கும் பாறை. பெயருக்குப் பொருள் கடல் கோயில். ஈப்போவில் குகைக்குள் கோயில் பார்த்து வளர்ந்த எனக்கு அந்தப் பெயரிலேயே ஆசை வந்துவிட்டது. படகு போய் நின்றது. வழிகாட்டி அபாங் தண்ணீரைக் கொஞ்ச நேரம் பார்த்தார். இறங்கி நீரோட்டம் பார்த்துவிட்டு மேலே வந்தார். "ஹாரி இனி தாக் போலே" என்றார். எங்களோடு வந்த ஒருவர் முணுமுணுத்தார். எனக்கு மட்டும் ஏனோ கண் கலங்கியது. போன முறை இந்த வார்த்தையை யாராவது எனக்குச் சொல்லியிருக்கக் கூடாதா? நானாவது எனக்குச் சொல்லியிருக்கலாமே!

மறுநாள் கடல் அமைதி. இறங்கினோம். மீட்டருக்கு மீட்டர் அண்ணி என் முகத்தைப் பார்த்தார், விரல்களால் 'சரியா?' என்று கேட்டார். ஓரிடத்தில் காது அடைத்தது. கையை ஆட்டியதும் அவரும் என்னோடு ஒரு மீட்டர் ஏறினார். காது திறந்தது. மறுபடி இறங்கினோம்.

அதன் பிறகு கண்டதை எப்படிச் சொல்ல! மஞ்சள் மீன் கூட்டம் ஒன்று பாறையைத் திரைபோல் மூடி, விலகியது. பச்சை ஆமை ஒன்று எங்களைச் சட்டை செய்யாமல் கடந்து போனது. ஆனால் எனக்குப் பெரிய அதிசயம் சத்தம்தான். நீரில் ஒலி காற்றைவிட நான்கு மடங்குக்கும் மேல் வேகமாகப் போகிறது. அதனால் எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று காதுக்குப் பிடிபடாது. கிளிமீன்கள் பவளத்தைக் கொறிக்கும் நறநற சத்தம் எல்லாத் திசையிலிருந்தும் கேட்டது. நடுவில் என் மூச்சு. பேசிப் பிழைப்பவள் முக்கால் மணி நேரம் வாய் திறக்காமல் கேட்டுக்கொண்டு மட்டும் இருந்தேன்.

கடைசி நாள் காலை, இன்னொரு முறை இறங்கலாமா என்று எனக்கு ஆசை. அண்ணி கெரிக் சாலையை நினைவுபடுத்தினார். "ஒங்களுக்கு ஏதாச்சும் ஆனா, ஒங்க அண்ணன் மூஞ்சிய நான்தானே பார்க்கணும்?" என்றார். மச்சான் கயிற்றின் அதே கணக்கு! கரையில் உட்கார்ந்து நாசி லெமாக் பசியாறினோம். மதியம் போல மலை ஏறியபோது, கடைசியாக இறங்கி 24 மணி நேரம் தாண்டியிருந்தது. காதில் ஒரு வலியும் இல்லை.

போகிறவர்கள் பணம் கட்டும் முன் இவற்றைக் கேளுங்கள். ஓர் ஆசிரியருக்கு எத்தனை பேர்? நாங்கள் கீழே இருக்கும்போது படகில் யார் இருப்பார்? அவசரத்துக்கு ஆக்ஸிஜன் இருக்கிறதா? ஊதினால் ஆள் உயரம் நிற்கும் ஆரஞ்சு நிற அடையாளப் பை கொடுப்பீர்களா? வானிலை சரியில்லை என்றால் பணம் என்ன ஆகும்? எரிச்சல்படாமல் பதில் சொல்கிற இடம் பெரும்பாலும் நல்ல இடம்தான். உங்களையும் ஒன்று கேட்டுக்கொள்ளுங்கள்: படிவத்தில் உண்மையை எழுதப் போகிறீர்களா?

வீட்டுக்கு வந்ததும் அம்மாவிடம் ஆமைப் படத்தைக் காட்டினேன். வெகுநேரம் பார்த்தார். பிறகு அண்ணியைக் கேட்டார்: "நீ பக்கத்துலயே இருந்தியாம்மா?"

"இருந்தேன் அத்தை."

"அப்ப சரி" என்று படத்தை மறுபடி கேட்டு வாங்கிப் பார்த்தார்.