மேடையில் யார், வரிசையில் யார்: பீப்பிள்ஸ் டெம்பிள் மீதான விமர்சனங்களை முன்வைத்து



நம் மன்றத்தின் நினைவுச் சொற்பொழிவுகளில் பெரும்பாலும் நம் ஊரையும் சேரியையும் எழுத்தையும் பற்றியே பேசி வந்திருக்கிறோம். இந்த முறை கொஞ்சம் தொலைவு போகிறோம். தென் அமெரிக்காவில் கயானா நாட்டுக் காட்டுக்குள் ஜோன்ஸ்டவுன் என்றொரு குடியிருப்பு இருந்தது. 1978 நவம்பர் 18 அன்று அங்கே ஒரே மாலையில் 909 பேர் இறந்தார்கள். அவர்களில் 300க்கு மேற்பட்டவர்கள் குழந்தைகளும் சிறார்களும். பழரசப் பானத்தில் சயனைடு கலந்திருந்தது. அதே நாளில் பக்கத்திலிருந்த போர்ட் கைடுமா விமானத் தளத்தில், அந்தக் குடியிருப்பைப் பார்வையிட வந்த அமெரிக்க நாடாளுமன்ற உறுப்பினர் லியோ ரையன் உட்பட ஐந்து பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். தலைநகர் ஜார்ஜ்டவுனில் இறந்த நால்வரையும் சேர்த்தால் 918.

இதை ஏன் இங்கே பேச வேண்டும்? இறந்தவர்களில் பத்துக்கு ஏழு பேர் அமெரிக்கக் கறுப்பின மக்கள். ஏறத்தாழ பாதிப் பேர் கறுப்பினப் பெண்கள். உலகம் இந்தச் சம்பவத்தை ஒரு வெள்ளைக்காரப் பாதிரியின் பைத்தியக்காரத்தனமாக நினைவு வைத்திருக்கிறது. யாரை நம்பி யார் போனார்கள் என்பது அந்த நினைவில் இல்லை. ஆங்கிலத்தில் கண்ணை மூடிக்கொண்டு எதையாவது நம்புகிறவனை ‘கூல்-எய்ட் குடித்தவன்’ என்று கேலி செய்வார்கள். நம் ஊர்க் கணினி நிறுவனங்களில் வேலை பார்க்கும் பிள்ளைகளின் வாயிலும் இந்தச் சொல் வருகிறது. அங்கே கலக்கப்பட்டது கூல்-எய்டும் அல்ல, ஃப்ளேவர்-எய்ட் என்ற மலிவான வேறொரு பொடி. அந்தக் கேலிக்கு அடியில் கிடப்பது கறுப்பினக் கிழவிகளின், பச்சைக் குழந்தைகளின் பிணம்.

கேலிக்கும் விமர்சனத்துக்கும் உள்ள தூரத்தை நாம் அனுபவத்தில் அறிவோம். கிறிஸ்தவத்துக்குப் போன நம் முன்னோரைக் கோதுமைக்கும் பால்பவுடருக்கும் மதம் மாறியவர்கள் என்றார்கள். 1981இல் மீனாட்சிபுரத்தில் இஸ்லாத்துக்குப் போனவர்களை வளைகுடாப் பணத்துக்கு விலைபோனவர்கள் என்றார்கள். ஏமாந்தவன், மயங்கியவன், மூளைச்சலவைக்கு ஆளானவன் என்ற சொற்கள் எல்லாம் ஒரே சந்தையில் வாங்கியவை. அந்தச் சொற்களைச் சொல்கிறவர் ஒரு கேள்வியை மட்டும் கேட்கவே மாட்டார்: இவர்கள் இருந்த இடத்தில் இருக்க முடியாமல் போனது ஏன்? ஆகவே ஒரு புதிய மதத்தைப் பற்றி ‘கல்ட்’ என்ற ஒற்றைச் சொல்லைக் கேட்டதும் நமக்குக் காது கூசுகிறது. ஆய்வாளர்கள் அந்தச் சொல்லைத் தவிர்த்துப் ‘புதிய சமய இயக்கம்’ என்கிறார்கள். நல்ல மாற்றம்தான். ஆனால் 909 பிணங்களின் முன்னால் நின்று அப்படி நாசூக்காகச் சொல்வதும் கூசத்தான் செய்கிறது. இந்த இரண்டு கூச்சத்துக்கும் நடுவில் நின்றுதான் இன்று பேச வேண்டியிருக்கிறது.

ஜிம் ஜோன்ஸ் 1931இல் இண்டியானா மாநிலத்தில் பிறந்த வெள்ளையர். 1950களின் நடுவில் இண்டியானாபொலிஸ் நகரில் சபையைத் தொடங்கினார். கூ கிளக்ஸ் கிளான் ஒரு காலத்தில் மாநில அரசியலையே கையில் வைத்திருந்த மண் அது. அங்கே கறுப்பரும் வெள்ளையரும் ஒரே பெஞ்சில் உட்காரும் சபை. ஏழைகளுக்குச் சாப்பாடு போட்டார்கள், முதியோர் இல்லம் நடத்தினார்கள். ஜோன்ஸ் ஒரு கறுப்பினக் குழந்தையைத் தத்தெடுத்தார். 1961இல் நகரின் மனித உரிமை ஆணையத்துக்கு இயக்குநராகவும் ஆனார்.

ஹயசிந்த் த்ராஷ் என்ற கறுப்பினப் பெண்மணி இந்தச் சபைக்கு வந்த கதையை நாம் திரும்பத் திரும்பப் படித்தோம். 1950களில் ஒரு நாள் அவருடைய தங்கை தொலைக்காட்சியில் ஒரு பாடகர் குழுவைப் பார்க்கிறார். கறுப்பு முகமும் வெள்ளை முகமும் கலந்து நின்று பாடுகின்றன. அக்காவிடம் ஓடிவந்து, நம்முடைய சபை கிடைத்துவிட்டது என்கிறார். அவ்வளவுதான். எந்த வேதாந்தமும் இல்லை, அற்புதமும் இல்லை, கலந்து நின்ற ஒரு வரிசை. வடக்கன்குளத்தில் தேவாலயத்துக்குள்ளேயே சாதிச் சுவர் நின்றதும் 1910இல்தான் அது இடிக்கப்பட்டதும் தெரிந்தவர்களுக்கு, அந்தத் தங்கை ஏன் ஓடினார் என்பதை விளக்க வேண்டியதில்லை.

1965இல் சபை கலிபோர்னியாவுக்கு இடம் பெயர்ந்தது. 1970களில் சான் பிரான்சிஸ்கோவின் ஃபில்மோர் பகுதியில் பெரிய கட்டடம் வாங்கியது. நகரச் சீரமைப்பு என்ற பெயரில் அரசு புல்டோசர் விட்டு ஆயிரக்கணக்கான கறுப்பினக் குடும்பங்களைக் கலைத்த பகுதி அது. கண்ணகி நகருக்கும் பெரும்பாக்கத்துக்கும் தூக்கி எறியப்பட்டவர்களுக்கு இது புதிதல்ல. வீடும் தெருவும் பழைய சபையும் போனவர்களுக்கு பீப்பிள்ஸ் டெம்பிள் மருத்துவ உதவி செய்தது, வழக்குகளுக்கு ஆள் அனுப்பியது, பிள்ளைகளைப் போதையிலிருந்து மீட்டது. இவற்றையெல்லாம் தூண்டில் புழு என்று ஒதுக்குகிறவர்கள் உண்டு. நாம் அப்படி ஒதுக்க மாட்டோம். அந்த மக்களே கட்டிய உதவி அது. அவர்கள் உழைப்பும் காசும் அதில் இருந்தன.

இனி விமர்சனங்களுக்கு வருவோம். முதலில் எழுதியவர் லெஸ்டர் கின்சால்விங் என்ற பத்திரிகையாளர், அவரும் ஒரு பாதிரியார். 1972 செப்டம்பரில் சான் பிரான்சிஸ்கோ எக்ஸாமினர் நாளிதழில் எட்டுக் கட்டுரைகள் திட்டமிட்டார், நான்குதான் வெளிவந்தன. சபையார் பத்திரிகை வாசலில் மறியல் செய்தார்கள், வழக்குப் போடுவோம் என்றார்கள், தொடர் நின்றது. செத்தவர்களை எழுப்புவதாகச் சொல்லிக்கொண்டதைத்தான் அவர் பிரதானமாகத் தாக்கினார். நியாயம்தான். புற்றுநோய்க் கட்டியை வெளியே எடுத்ததாகக் காட்டிய பொருள் அழுகிய கோழிக்குடல் என்று பின்னாளில் பலர் சாட்சி சொன்னார்கள். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். போலி அற்புதம் அமெரிக்காவின் எத்தனையோ கூடாரங்களில் நடந்தது. அந்தக் கேலி, பெஞ்சில் உட்கார்ந்திருந்த கறுப்பினத் தாயைத் தொடவே இல்லை. கலந்து உட்காரும் வேறு இடம் எது என்று அவர் திருப்பிக் கேட்டிருந்தால் அந்தப் பத்திரிகையாளரிடம் பதில் இருந்திருக்காது.

1977 ஆகஸ்டில் நியூ வெஸ்ட் இதழில் வந்த கட்டுரை கனமானது. விலகி வந்த பத்துப் பேர் பெயர் சொல்லிப் பேசினார்கள். கூட்டத்தின் நடுவில் பிரம்படி, எழுதி வாங்கப்பட்ட வீடுகள், நிரப்பாமல் கையெழுத்து வாங்கி வைத்த தாள்கள். கட்டுரை அச்சுக்குப் போகும் வேளையில் ஜோன்ஸ் கயானாவுக்குப் பறந்துவிட்டார். அதற்கு முந்தைய ஆண்டுதான் நகர மேயர் அவரை வீட்டுவசதி வாரியத்தில் உட்கார வைத்திருந்தார். தேர்தலுக்கு ஆள் திரட்டித் தந்தவரை எந்தக் கட்சி விசாரிக்கும்? மேயர் அலுவலகம் விசாரிக்க மறுத்துவிட்டது. ஓட்டுக்கும் ஊர்வலத்துக்கும் ஆள் வேண்டியவர்கள், அந்த ஆள்களுக்கு உள்ளே என்ன நடக்கிறது என்று பார்க்காமல் இருப்பது கலிபோர்னியாவுக்கு மட்டும் உரிய வழக்கமல்ல.

இந்த இரண்டுக்கும் நடுவில் இன்னொரு விமர்சனம் உண்டு. வெளியில் அதிகம் பேசப்படாதது. நாம் இன்று பேச வந்ததே அதற்காகத்தான். 1973இல் எட்டு இளைஞர்கள் சபையை விட்டு ஓடினார்கள். கறுப்பரும் வெள்ளையரும் சேர்ந்த குழு, பெரும்பாலும் கல்லூரி வயது. போகும்போது ஜோன்ஸுக்கு ஒரு நீண்ட கடிதம் எழுதி வைத்தார்கள். அதன் சாரம் இது: கறுப்பின மக்களே புரட்சியின் மையம் என்று சொல்கிறீர்கள், ஆனால் உங்களைச் சுற்றி முடிவெடுக்கிறவர்கள் எல்லாம் வெள்ளையர்களாகவே இருக்கிறார்களே, கறுப்பினத் தலைமை எங்கே?

எண்ணிப் பாருங்கள். இனவெறியை ஒழிக்கும் சபை. தலைவர் தன்னையே கறுப்பன் என்று சொல்லிக்கொள்கிறார். பெஞ்சில் கறுப்பு, பாட்டில் கறுப்பு, சமையற்கட்டில் கறுப்பு. கணக்குப் புத்தகமும் வங்கிச் சாவியும் ரகசியக் கூட்டமும் மட்டும் படித்த வெள்ளையர்களின் உள்வட்டத்தில். எல்லாம் முடிந்த பிறகு நீதிமன்றம் நியமித்தவர் சபையின் சொத்தைக் கணக்கிட்டபோது 1 கோடி டாலருக்கு மேல் தேறியது. கயானாவுக்குப் போன முதியவர்கள் ஓய்வூதியக் காசோலையை மாதாமாதம் அப்படியே சபையிடம் கொடுத்து வந்திருந்தார்கள்.

யாருடைய நினைவில் இங்கு கூடியிருக்கிறோமோ அந்தப் பெரியவர், புதிதாக எந்த இயக்கம் தெருவுக்குள் வந்தாலும் இரண்டே கேள்வி கேட்பார். கூட்டம் முடிந்த பின் நாற்காலியை அடுக்குவது யார், ரசீதுப் புத்தகம் யார் பையில் போகிறது? தோழர்கள் பலருக்கு இது எரிச்சலாக இருந்ததுண்டு. எங்களுக்கும் இருந்தது. அந்த எட்டுப் பேர் கேட்டதும் அதே கேள்விதான்.

ஆனால் அந்தக் கடிதத்தில் ஒரு பெரிய ஓட்டையும் இருக்கிறது. பிழையை எல்லாம் சுற்றியிருந்தவர்கள் மேல் போட்டுவிட்டு, ஜோன்ஸை மட்டும் குற்றத்திலிருந்து விலக்கி வைத்தார்கள். தலைவர் நல்லவர், சுற்றியிருக்கிறவர்கள்தான் கெடுக்கிறார்கள் என்ற இந்தப் பேச்சை நம் கட்சி அலுவலகங்களில் எத்தனை முறை கேட்டிருக்கிறோம். பக்தி மதத்தில் ஆன்மாவின் மீட்சிக்கு வழியாகலாம், அரசியலில் அது இழிவுக்கும் கடைசியில் சர்வாதிகாரத்துக்கும் வழி என்று 1949 நவம்பர் 25 அன்று அரசியல் நிர்ணய சபையில் அம்பேத்கர் எச்சரித்தார். ஜோன்ஸ் மதம், அரசியல் இரண்டையும் ஒரே மேடையில் வைத்திருந்தவர். அந்த எச்சரிக்கை அங்கே இரட்டிப்பாகப் பொருந்தும்.

1978இல் உறவினர்கள் அமைப்பாகத் திரண்டு மனித உரிமை மீறல் பட்டியல் ஒன்றை ஏப்ரலில் வெளியிட்டார்கள். மே மாதம் தப்பி வந்த டெபோரா லேடன், கூட்டுச் சாவுக்கு ஒத்திகை நடக்கிறது என்று பிரமாண வாக்குமூலமே கொடுத்தார். அதிகாரிகள் அசையவில்லை. கடைசியில் ரையன் போனார், அதன் முடிவை ஆரம்பத்தில் சொன்னோம்.

அந்தக் கடைசி மாலையின் ஒலிநாடா இருக்கிறது, முக்கால் மணி நேரம் ஓடும். எல்லோரும் சாக வேண்டும் என்று ஜோன்ஸ் பேசிக்கொண்டிருக்கையில் ஒரு பெண் எழுந்து மறுக்கிறார். கிறிஸ்டின் மில்லர், நடுவயது தாண்டிய கறுப்பினப் பெண்மணி. ரஷ்யாவுக்குப் போக வழியில்லையா என்று கேட்கிறார். உயிர் இருக்கும்வரை நம்பிக்கை இருக்கிறது என்கிறார். குழந்தைகளுக்கு வாழ உரிமை உண்டு, ஒவ்வொருவரும் தன் முடிவைத் தானே எடுக்க வேண்டும் என்கிறார். நிதானமாக, மரியாதை குறையாமல், ஜோன்ஸோடு வாதாடுகிறார். கூட்டம் கத்துகிறது. அவர் இல்லாவிட்டால் நீ இங்கே இப்படி நிற்கவே முடிந்திருக்காது என்ற பொருளில் ஒருவர் அவரை அடக்குகிறார். அடக்கியவரும் கறுப்பினத்தவர்தான். கிறிஸ்டின் மில்லரும் அங்கேயே இறந்தார்.

சாவைப் ‘புரட்சிகரத் தற்கொலை’ என்று அன்று அழைத்தார்கள். கருஞ்சிறுத்தைகளின் ஹியூ நியூட்டனிடமிருந்து எடுத்த சொல். அடக்குமுறையை எதிர்த்துப் போராடுகையில் உயிர் போகலாம், அதற்கும் அஞ்சாதே என்பது நியூட்டன் சொன்னது. தலித் சிறுத்தைகள் 1972இல் பம்பாயில் பெயர் எடுத்துக்கொண்டது அந்த மரபிலிருந்துதான். அந்தச் சொல்லைத் தலைகீழாக்கிக் குழந்தைகளின் வாயில் ஊற்றினார்கள். பிணங்களைப் பார்த்த கயானா மருத்துவர் லெஸ்லி மூட்டூ பலரது உடலில் ஊசி குத்திய தடம் கண்டதாகச் சொன்னார். அமெரிக்காவுக்குக் கொண்டுபோன பின் பிணப் பரிசோதனை நடந்தது ஏழே உடல்களுக்கு. 909 பேரில் எத்தனை பேர் தாமாகக் குடித்தார்கள் என்ற கேள்விக்கு விடை தேட அந்த அரசு அவ்வளவுதான் முயன்றது.

1979 பிப்ரவரியில் கறுப்பினத் திருச்சபைகளின் தலைவர்கள் சான் பிரான்சிஸ்கோவில் கூடினார்கள். ஒரு வெள்ளையர் பின்னால் நம் மக்கள் ஏன் போனார்கள், நம் சபைகள் அவர்களுக்கு எதைக் கொடுக்கத் தவறின என்று தங்களையே கேட்டுக்கொண்டார்கள். நாம் படித்த விமர்சனங்களில் போனவர்களின் பக்கம் நின்று யோசித்தவை மிகக் குறைவு, இது அவற்றில் ஒன்று.

ஹயசிந்த் த்ராஷ் பிழைத்தார். அந்த மாலை அவர் கூட்டத்துக்குப் போகவில்லை. எழுபது கடந்த உடம்பு, குடிலிலேயே இருந்துவிட்டார். காலையில் எழுந்து வெளியே வந்தபோது குடியிருப்பே செத்துக் கிடந்தது. தொலைக்காட்சியைப் பார்த்து ஓடிவந்த அந்தத் தங்கையும் அதில் ஒருவர்.

அடையாளம் தெரியாமலும் யாரும் கேட்டு வராமலும் போன 400க்கு மேற்பட்ட உடல்களைப் பல கல்லறைத் தோட்டங்கள் ஏற்க மறுத்தன. கடைசியில் ஓக்லாந்து எவர்கிரீன் கல்லறையில் ஒரே சரிவில் புதைத்தார்கள். 2011இல் அங்கே நான்கு கருங்கல் பலகைகளில் இறந்த எல்லோர் பெயரையும் அகரவரிசையில் பொறித்தார்கள். அந்த வரிசையில் ஜிம் ஜோன்ஸின் பெயரும் இருக்கிறது. தாய் உட்பட உறவினர் 27 பேரை இழந்த கறுப்பினப் பெண் போதகர் ஜைனோனா நார்வுட், கொன்றவன் பெயர் செத்தவர்கள் நடுவில் இருக்கக்கூடாது என்று நீதிமன்றம் வரை போனார். வழக்கு நிற்கவில்லை. பெயர் இன்றும் கல்லில் இருக்கிறது.