அடைக்காயும் வாய்ப்புற்றும்

சிலப்பதிகாரக் கொலைக்களக் காதையில், உண்டு முடித்த கோவலனுக்குக் கண்ணகி வெற்றிலைச் சுருளும் பாக்கும் அளிக்கின்றாள். அப்பகுதியைப் பாடஞ் சொல்லுங்கால், அடைக்காய் செரிப்புக்குத் துணையாவது, ஊறு செய்யாதது என்று விளக்கம் கூறுதல் ஆசிரியர் பலர்க்கும் வழக்கம். யாமும் பல்லாண்டு அவ்வாறே கூறினோம். அண்மையில் மாணவர் ஒருவர், “ஐயா, பாக்கினால் வாய்ப்புற்று வருமென்கின்றனரே, அது புகையிலையின் குற்றமன்றோ?” என வினவினார். அதற்கு விடை தேடப் புகுந்ததன் பயனே இக்கட்டுரை.

வினா பொருளற்றதன்று. புகையிலை போர்த்துக்கீசியர் வாயிலாக இந்நாடு புகுந்தது. மெல்லுங்காலும் அதனைப் புகையின் பெயராலேயே வழங்குகின்றோம். ஆகவே சிலம்பு காட்டும் தாம்பூலத்தில் அதற்கு இடமில்லை. பிற்காலத்தே வந்து சேர்ந்த இலையின்மேற் பழியைச் சுமத்திப் பழைய அடைக்காயைக் காத்தல் எளிதாயிற்று.

மருத்துவ உலகமும் இதில் நெடுங்காலம் தயங்கியே நின்றது. அன்று திருவிதாங்கூரிலும் இன்று கன்னியாகுமரி மாவட்டத்திலும் அடங்கும் நெய்யூர் மருத்துவமனையிற் பணிபுரிந்த பெண்டால், 1908-இல் 1,700 புற்றுநோயாளர் குறிப்புகளைத் தொகுத்து வெளியிட்டார். வெற்றிலை மெல்லுவோரின் வாய்ப்புற்றைப் பற்றி ஆர் என்பவர் 1933-இல் எழுதினார். எனினும் பன்னாட்டுப் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம் 1985-இல் புகையிலை கலந்த தாம்பூலத்தையே புற்று விளைப்பதெனத் துணிந்தது. கலவாததற்குச் சான்று போதாதென விடுத்தது. தைவான் மக்கள் புகையிலை சேர்க்காமலே பாக்கு மெல்லுவர். அவரிடையேயும் வாய்ப்புற்று மிக்கிருந்தது. இத்தகைய சான்றுகள் திரண்டபின், 2004-இல் வெளியான அந்நிறுவனத்தின் தொகுதி, புகையிலை இல்லாத தாம்பூலமும், ஏன், பாக்குத்தானும் புற்று விளைப்பனவே என முடிவு கூறிற்று. மாணவர் வினாவுக்கு விடை இதுவே. வெற்றிலை தனித்து நோய் விளைக்குமென அக்குழு துணியவில்லை என்பதையும் ஈண்டுச் சுட்டுதல் முறை.

பாக்கிலுள்ள அரிகோலின் முதலிய காரப்பொருள்கள் உமிழ்நீரிற் கலந்து நைட்ரோசமைன்களாக மாறவல்லன. சுண்ணாம்பு சேருங்கால், திசுக்களைச் சிதைக்கும் ஆக்சிசன் கூறுகள் தோன்றுகின்றன. நாம் விரும்பும் சிவப்பைத் தருவதும் அச்சுண்ணாம்பே. மேலும், பாக்கு வாயின் உட்சவ்வுக்கடியில் நார்த்திசுவை மிகுவிக்கின்றது. முதலில் காரம் பட்டால் எரியும். பின்னர்க் கன்னம் விறைத்து வாய் திறவாதாகும். இந்நிலையைக் கிழக்கு ஆப்பிரிக்காவில் வாழ்ந்த இந்தியப் பெண்டிரிடம் ஷுவார்ட்ஸ் 1952-இலும், இந்தியாவில் ஜோஷி 1953-இலும் கண்டு எழுதினர். இதனைச் ‘சப்மியூகஸ் பைப்ரோசிஸ்’ என்பர். சொல்லுக்குச் சொல் பெயர்த்து நாவிற் புரளாத தொடர்களை ஆக்குவதினும், ‘வாயிறுக்கம்’ என்றே வழங்கலாம் என்பது எம் கருத்து. நோயாளர் உணர்வதும் அவ்விறுக்கத்தையே. இவருள் ஒரு சாரார்க்குப் பின்னர்ப் புற்று தோன்றுகின்றது.

முற்றிய புற்றில் தாடையெலும்பையே அகற்ற நேரும். காலின் சிம்பெலும்பைக் குருதிக்குழாயுடன் எடுத்துத் தாடையாக அமைக்கும் முறையை 1989-இல் இடால்கோ வெளியிட்டார். அரிய கலையே, ஆயினும் நோயை முன்னரே காண்பதற்கு அத்துணை அருமை வேண்டுவதில்லை. திருவனந்தபுரத்தில் 1996-இல் தொடங்கிய ஆய்வில், பயிற்சி பெற்ற பணியாளர் வீடுதோறும் சென்று வாயைக் கண்ணாற் பார்த்தனர்; வேறு கருவி இல்லை. புகையிலையோ மதுவோ பழகியோரிடையே வாய்ப்புற்று இறப்பு ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைந்ததென 2005-இல் அறிவித்தனர்.

கண்ணகி அளித்த அடைக்காய் அன்பின் செயலென்னும் உரையில் மாற்றமில்லை. ‘ஊறு செய்யாதது’ என்ற தொடரை மட்டும் எம் பாடக்குறிப்பினின்று அடித்துவிட்டோம்.