பிள்ளைகளுக்கு இசையின் வரலாறு: செவி வழியே ஒரு பாடம்

கர்நாடக சங்கீத மும்மூர்த்திகள் யாவர் என்று எமது பாடசாலைப் பிள்ளை ஒன்றிடம் கேட்டால் தயக்கமின்றிப் பதில் வரும். சியாமா சாஸ்திரிகள் 1762இல் பிறந்து 1827இல் மறைந்தார். தியாகராஜர் 1767இல் பிறந்து 1847இல் சமாதியானார். முத்துசுவாமி தீட்சிதர் 1835இல் மறைந்தார். மூவரும் திருவாரூரில் பிறந்தவர்கள். இவ்வளவும் மனனம். அண்மையில் எமக்கு நன்கு தெரிந்த வீடொன்றில், க.பொ.த. சாதாரண தரப் பரீட்சைக்கு ஆயத்தமாகிக்கொண்டிருந்த மாணவி ஒருத்தி இவற்றையெல்லாம் ஒப்புவித்து முடித்தபோது, இவர்களுடைய கீர்த்தனைகளில் எதையாவது ஆறுதலாக இருந்து கேட்டிருக்கிறாயா என்று வினவினோம். "பாடிக் காட்டச் சொல்லுவினம். இருந்து கேட்கச் சொல்லி ஒருத்தரும் சொல்லேல்லையே மாமா" என்றாள்.

மேலைத்தேய சங்கீதம் பயிலும் பிள்ளைகளின் நிலையும் பெரிதும் வேறுபட்டதல்ல. பாஹ், மொஸார்ட், பீத்தோவன் என்ற பெயர்கள் குறிப்புப் புத்தகத்தில் இருக்கின்றன, செவியில் இல்லை. பெயரையும் ஆண்டையும் கற்பிப்பது தவறென்று நாம் கூறவில்லை. வரிசைதான் தலைகீழாகிவிட்டது. கேட்டறியாத ஒருவரின் பிறந்த ஆண்டு பிள்ளைக்கு வெறும் இலக்கம். பரீட்சை முடிந்த மறுநாள் அது மறைந்துவிடும்.

இதனை உணர்ந்து பிள்ளைகளின் செவியை நோக்கி வேலை செய்தவர்கள் பிற நாடுகளில் இருந்திருக்கிறார்கள். 1936இல் மொஸ்கோவில் சிறுவர் அரங்கொன்றை நடத்திவந்த நத்தாலியா சாட்ஸ் என்ற அம்மையார், வாத்தியங்களைச் சிறுவர்களுக்கு அறிமுகப்படுத்தும் ஆக்கமொன்றை ஆக்கித் தரும்படி இசையமைப்பாளர் சேர்ஜி புரொகோஃபியேவிடம் கேட்டார். 'பீற்றரும் ஓநாயும்' பிறந்தது இவ்வாறுதான். ஒவ்வொரு பாத்திரத்திற்கும் ஒரு வாத்தியம்: பறவைக்குப் புல்லாங்குழல், வாத்துக்கு ஓபோ, பூனைக்குக் கிளாரினெட், முணுமுணுக்கும் பாட்டனாருக்குப் பஸூன், ஓநாய்க்கு மூன்று ஹோர்ன்கள், பீற்றருக்கு வயலின் குடும்பம். ஓநாய் உயிரோடு விழுங்கிய வாத்தின் குரல் கதையின் முடிவில் அதன் வயிற்றுக்குள்ளிருந்து கேட்கும். அந்த இடத்தில் அசையாதிருந்து செவிகொடுக்காத பிள்ளையை நாம் கண்டதில்லை. (அதைக் கேட்டு வாங்கிய சாட்ஸ் அம்மையார் மறு ஆண்டிலேயே ஸ்டாலினின் ஆட்சியில் கைதாகி, ஆண்டுக்கணக்கில் முகாம்களில் வாடினார் என்பது பிள்ளைகள் வளர்ந்த பின் சொல்ல வேண்டிய கதை.)

1945இல் இங்கிலாந்தின் பெஞ்சமின் பிரிட்டன் இன்னொரு வழியைக் கண்டார். கல்விப் படமொன்றுக்காக அவர் எழுதிய 'இளையோருக்கான வாத்தியக்குழு வழிகாட்டி' 250 ஆண்டுகளுக்கு முன் மறைந்த ஹென்றி பேர்சலின் மெட்டொன்றை எடுத்து வாத்தியம் வாத்தியமாகக் கைமாற்றுகிறது. பின்னர் எல்லா வாத்தியங்களும் ஒன்றையொன்று துரத்தி ஓட, அந்தப் பழைய மெட்டு அவற்றின் மேலே கம்பீரமாக மீண்டும் எழுகிறது. வாத்தியங்களை அறியப்போன பிள்ளை, அறியாமலே 17ஆம் நூற்றாண்டு இசையமைப்பாளர் ஒருவரையும் சந்தித்துவிடுகிறது.

ஆனால் இத்துறையில் எவரையும் விட அதிகம் சாதித்தவர் அமெரிக்கரான லெனார்ட் பேர்ண்ஸ்டைன் என்பதே எமது எண்ணம். 1958 ஜனவரி 18ஆம் திகதி நியூயோர்க் கார்னகி மண்டபத்தில் சிறுவர்களுக்கான தமது முதல் தொலைக்காட்சி இசைநிகழ்ச்சியை அவர் நடத்தினார். எடுத்த எடுப்பிலேயே ரொஸினியின் 'வில்லியம் டெல்' முன்னிசையின் குதிரைப் பாய்ச்சல் பகுதியை வாசிக்கச் செய்து, இது எதைப் பற்றியது என்று கேட்டார். தொலைக்காட்சித் தொடரொன்றின் மூலம் அந்த மெட்டை அறிந்திருந்த பிள்ளைகள் அத்தொடரின் குதிரைவீரனின் பெயரைச் சொல்லிக் கூவினார்கள். அவர் அவர்களைக் கண்டிக்கவில்லை. ரொஸினி அதை எழுதியது சுவிற்சர்லாந்துக் கதைக்கு என்று கூறி, அதற்கும் அப்பால், இசை எந்தக் கதையையும் பற்றியதல்ல, சுவரங்களைப் பற்றியதே என்ற இடத்திற்கு அவர்களை அழைத்துச் சென்றார். ரிச்சர்ட் ஸ்ட்ராஸின் 'டொன் குயிக்ஸோட்' இசைக்கு சூப்பர்மேன் கதையொன்றைத் தாமே கட்டிச் சொல்லி வாசித்துக் காட்டினார். பின்னர் உண்மைக் கதையைச் சொன்னார். ஒரே இசைக்கு இரண்டு கதைகளும் பொருந்தின! 1972 வரை இவ்வாறு 53 நிகழ்ச்சிகள். பிள்ளைகளுக்கென்று அவர் எதையும் நீர்த்துப்போகச் செய்யவில்லை. புரொகோஃபியேவ் கதையால் அழைக்கிறார். பேர்ண்ஸ்டைன் கதையைக் கழற்றி வைக்கிறார். முதலாவது சிறு பிள்ளைகளுக்கும் இரண்டாவது 10 வயதைத் தாண்டியவர்களுக்கும் பொருந்தும் என்பது எமது கருத்து.

இவையெல்லாம் வெள்ளைக்காரரின் சங்கீதம், எமக்கெதற்கு என்று கேட்போர் இருக்கலாம். 'பீற்றரும் ஓநாயும்' கதையில் வாத்தாக ஒலிக்கும் ஓபோவையே எடுத்துக்கொள்வோம். அது இரட்டை நாணலைச் சேர்த்து ஊதும் வாத்தியம். எங்கள் நாதஸ்வரத்தின் சீவாளியும் அதே வகையைச் சேர்ந்தது. உஸ்தாத் பிஸ்மில்லா கானின் ஷெனாயும் அதுவே. அளவெட்டி என்.கே. பத்மநாதனின் நாதஸ்வரத்தையும் யாழ்ப்பாணம் தட்சிணாமூர்த்தியின் தவிலையும் திருவிழாக்களில் கேட்டு வளர்ந்த தலைமுறை எம்முடையது. அந்த ஒலி பழகிய பிள்ளைக்கு ஓபோ அந்நியமல்ல. ஸ்ரீரங்கத்தில் வாழ்ந்து நாதஸ்வரத்தில் புகழ்பெற்ற ஷேக் சின்ன மௌலானா ஓர் இஸ்லாமியர் என்பதையும் அதே வேளையில் சொல்லலாம். இசை குறித்து முஸ்லிம் குடும்பங்களில் ஒரே கருத்து நிலவவில்லை என்பதை நாம் அறிவோம். அது அவரவர் தீர்மானம். எனினும் இசையின் வரலாற்றில் முஸ்லிம்களின் பங்கு அறியப்பட வேண்டிய ஒன்று.

உதாரணமாக, பீத்தோவனின் 9ஆவது சிம்பொனியின் இறுதிப் பகுதியில் திடீரென்று பெருமுரசும் கைத்தாளமும் முக்கோண மணியும் சேர்ந்து ஓர் அணிநடை தொடங்குகிறது. 1824இல் வியன்னாவில் அரங்கேறிய மாபெரும் ஆக்கத்தில் இந்தச் சத்தம் எங்கிருந்து வந்தது? துருக்கியிலிருந்து. 1683இல் உதுமானியப் படைகள் வியன்னாவை முற்றுகையிட்டன. அப்படைகளோடு முரசும் தாளமும் ஸூர்ணாவும் கொண்ட வாத்தியக்குழுக்களும் வந்தன. முற்றுகை முறிந்தது, ஆனால் அந்த ஒலியின் மீதான மோகம் ஐரோப்பிய அரசவைகளைப் பற்றிக்கொண்டது. மொஸார்ட்டும் 'துருக்கிய பாணி' என்று பியானோவுக்கு எழுதினார். 1782இல் துருக்கிய அரண்மனையைக் களமாகக் கொண்டு இசைநாடகமே எழுதினார். மொஸார்ட்டின் அந்தப் பியானோத் துண்டையும் பீத்தோவனின் இந்தப் பகுதியையும் அடுத்தடுத்துக் கேட்கச் செய்யுங்கள். ஒன்றரை நூற்றாண்டு வரலாற்றைப் பிள்ளை 10 நிமிடத்தில் செவியால் கடந்துவிடும்.

அதே காலத்தில் எமது பக்கத்திலும் இத்தகைய ஒன்று நடந்தது. பீத்தோவனின் சமகாலத்தவரான முத்துசுவாமி தீட்சிதர், இளமையில் சென்னைக்கு அருகே மணலியில் வாழ்ந்தபோது ஆங்கிலேயரின் பாண்ட் வாத்திய இசையைக் கேட்டார். அந்த மெட்டுகளுக்குச் சமஸ்கிருதத்தில் சாகித்தியம் இயற்றினார். 'நோட்டுஸ்வர சாகித்தியங்கள்' என்ற பெயரில் ஏறத்தாழ 40 உருப்படிகள் உள்ளன. அவற்றுள் 'சந்ததம் பாஹிமாம்' ஆங்கிலேயரின் தேசிய கீத மெட்டிலேயே அமைந்தது. அவருடைய தம்பி பாலுசுவாமி தீட்சிதர் ஐரோப்பியரிடம் வயலின் கற்று அதனைக் கர்நாடக இசைக்குள் கொண்டுவந்தார். வியன்னாவில் துருக்கிய முரசு; சென்னையில் ஆங்கிலேய பாண்ட். முதலில் நல்ல செவி, பின்னர்தான் சாகித்தியம் என்பதைத் தீட்சிதர் குறித்த எந்தப் பாடக்குறிப்பும் இவ்வளவு தெளிவாக உணர்த்தாது.

இனி ஒரு பொய்யான ஆசையையும் விலக்கிவிட வேண்டும். மொஸார்ட்டைக் கேட்டால் பிள்ளைக்கு மூளை வளரும் என்ற பேச்சு 1993இல் வெளியான சிறு ஆய்வொன்றிலிருந்து கிளம்பியது. அந்த ஆய்வு செய்யப்பட்டது பல்கலைக்கழக மாணவர்களிடம். கண்ட பலனும் சில நிமிடங்களே நீடித்தது. அப்படியிருந்தும் 1998இல் அமெரிக்க மாநிலமான ஜோர்ஜியாவின் ஆளுநர் பிறக்கும் பிள்ளைகளுக்கெல்லாம் இசை இறுவட்டு வழங்க முன்வந்தார். தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சைக்கு இசையையும் ஒரு குளிசையாகக் கொடுக்க எமது பெற்றோர் முனைந்துவிடக் கூடாது என்பதற்காகவே இதனைச் சொல்கிறோம்.

வீட்டில் செய்யக்கூடியது மிக எளிது. கையடக்கத் தொலைபேசி ஒன்று போதும்; பேர்ண்ஸ்டைனின் நிகழ்ச்சிகள் உட்பட நாம் குறிப்பிட்ட யாவும் இணையத்தில் கிடைக்கின்றன. ஒரு வாரத்திற்கு ஓர் உருப்படி, நாளுக்கு ஒரு தடவை, ஐந்தாறு நிமிடம். படத்தைப் பார்க்க விடாமல் தொலைபேசியைக் கவிழ்த்து வைப்பது நல்லது. "யார் இயற்றியது?" என்று கேட்காமல் "என்ன கேட்டது?" என்று கேட்க வேண்டும். பாடசாலையில் 40 நிமிடப் பாடவேளையில் முதல் ஐந்து நிமிடத்தைக் கேட்பதற்கென ஒதுக்க எந்தச் சுற்றுநிருபமும் தேவையில்லை. ஆனால் கேட்டுக் கண்டறியும் வினாவொன்றையேனும் பரீட்சையில் சேர்த்தாலொழியப் பல ஆசிரியர்கள் இதற்கு நேரம் ஒதுக்கமாட்டார்கள் என்பதையும் நாம் அறிவோம். பரீட்சைத் திணைக்களமும் தேசிய கல்வி நிறுவகமும் இதனைப் பரிசீலிக்க வேண்டும்.

எங்கிருந்து தொடங்குவது என்று கேட்போருக்கு ஜோசப் ஹைடனின் 94ஆவது சிம்பொனியின் இரண்டாம் பகுதியைச் சிபாரிசு செய்வோம். குழந்தைப் பாடல் போன்ற மெட்டு மெல்ல ஒலிக்கும். மறுபடி இன்னும் மெல்ல ஒலிக்கும். பிள்ளை காதை முன்னே நீட்டும் அந்தக் கணத்தில், ஏறத்தாழ அரை நிமிடம் கழிந்த நிலையில், வாத்தியக்குழு முழுவதும் ஒரே அடியாக இடிக்கும். முன்கூட்டிச் சொல்லிவிடாதீர்கள். பிள்ளை திடுக்கிட்டுச் சிரித்து, திரும்பப் போடச் சொல்லும், போடுங்கள். மறுநாள் தானாகவே வந்து கேட்டால், ஹைடன் என்ற பெயரைச் சொல்லலாம். லண்டனில் அது முதன்முதல் ஒலித்த 1792 என்ற ஆண்டை அடுத்த வாரத்திற்கு வைத்துக்கொள்ளலாம்.