பின்பலகை (படகு)

பின்பலகை என்பது சிறு படகின் பின்முனையை மூடி நிற்கும் தட்டையான சுவர் ஆகும். அவுட்போர்டு மோட்டார் இதன் மேல்விளிம்பில் பொருத்தப்படுகிறது. படகினுள் சேரும் நீரை வெளியேற்றும் வடிகுழாய் இதன் அடிப்பகுதியில் அமைகிறது. மோட்டாரின் எடையையும் உந்துவிசையையும் தாங்கும் இவ்வுறுப்பிலேயே நீர் புகக்கூடிய துளைகளும் மிகுதியாக உள்ளன. வடிகுழாயை மாற்றுதல், மோட்டாரின் உயரத்தைச் சரிசெய்தல் ஆகிய இரு பணிகளிலும் பின்பலகையின் உட்பகுதியில் நீர் புகாமல் காப்பது இன்றியமையாதது.

== அமைப்பு ==

கண்ணாடியிழைப் படகுகள் பலவற்றில் பின்பலகை, இரு கண்ணாடியிழைப் படலங்களுக்கு இடையே ஒட்டுப்பலகையை வைத்து ஆக்கப்படுகிறது. ஒட்டுப்பலகை நனைந்து உளுத்தால், வெளியே மாற்றம் ஏதும் தெரியாமலே பின்பலகை வலுவிழக்கும்.

1958 இல் ஐக்கிய அமெரிக்காவில் அறிமுகமான பாஸ்டன் வேலர் படகில், உடலின் இரு படலங்களுக்கு இடையே பாலியூரித்தேன் நுரை நிரப்பப்பட்டது. இரண்டாக அறுக்கப்பட்ட பின்னும் இப்படகு மிதப்பதைக் காட்டும் படங்களை 1961 இல் லைஃப் இதழ் வெளியிட்டது. எனினும் பழுதடைந்த வடிகுழாய் வழியாக இத்தகைய படகின் உள்ளேயும் நீர் புகக்கூடும். அப்போது படகு மூழ்காவிடினும், அதன் எடை கூடும்.

== வடிகுழாய் ==

வடிகுழாய் பெரும்பாலும் மெல்லிய பித்தளையால் ஆனது. அதன் இரு முனைகளும் வெளிப்புறமாக விரித்து மடிக்கப்பட்டிருக்கும். பித்தளை, செம்பும் துத்தநாகமும் சேர்ந்த கலப்புலோகமாகும். கடல்நீரில் காலப்போக்கில் துத்தநாகம் கரைந்து வெளியேற, நுண்துளைகள் கொண்ட வலுவற்ற செம்பு எஞ்சுகிறது. குழாயின் விளிம்பு இளஞ்சிவப்பாக மாறுதல், விளிம்பில் வெடிப்பு தோன்றுதல், படகைக் கரையேற்றிய பின்னும் குழாயைச் சுற்றி நீர் கசிதல் ஆகியன பழுதின் அறிகுறிகள் ஆகும்.

குழாயை மாற்றும் முறை வருமாறு:

# பழைய குழாயின் ஒரு விளிம்பு வெட்டி நீக்கப்பட்டு, குழாய் உட்புறமாக நெளிக்கப்பட்டு வெளியே எடுக்கப்படும்.
# துளையின் உட்சுவர் முழுமையாக உலரவிடப்படும். ஈரம் இருக்கும்போதே புதிய குழாயைப் பொருத்தினால், அந்த நீர் உள்ளேயே அடைபட்டுவிடும்.
# வெளித்தெரியும் மரம் அல்லது நுரையின் மேல் எப்பாக்சி பூசப்படும். பின்னாளில் குழாய் பழுதடைந்தாலும் இப்பூச்சு நீரைத் தடுக்கும்.
# புதிய குழாய், இரு முனைகளிலும் ஏறத்தாழ 1/8 அங்குலம் (3 மி.மீ.) வெளியே நீளுமாறு வெட்டப்படும்.
# இரப்பர் வளையமும் கடல்நீருக்கு ஏற்ற அடைப்புப் பசையும் இட்டு, முனைகள் அதற்குரிய கருவியால் விரித்து மடிக்கப்படும். மிகையாக இறுக்கினால் விளிம்பு வெடிக்கும்.

== மோட்டாரின் உயரம் ==

அவுட்போர்டு மோட்டார்கள் பொதுவாக 15, 20, 25 அங்குலத் தண்டு நீளங்களில் செய்யப்படுகின்றன. பின்பலகையின் உயரத்துக்கு ஏற்ற நீளம் தெரிவு செய்யப்படுகிறது. உந்துசுழலிக்கு (புரொப்பெல்லர்) மேலுள்ள கிடைத்தகடு, நீர்ப்பரப்பிலிருந்து காற்று சுழலிக்குள் இழுக்கப்படுவதைத் தடுக்கிறது. இத்தகடு படகின் அடிப்புறத்தோடு ஒரே மட்டத்தில் இருப்பது வழக்கமான தொடக்க நிலையாகும்.

* '''மிகத் தாழ்வாக இருந்தால்:''' மோட்டாரின் கீழ்ப்பகுதி நீரில் கூடுதலாக அமிழ்ந்து இழுவை மிகும், நீர் பின்பலகைமேல் தெறிக்கும், வேகம் குறையும்.
* '''மிக உயரமாக இருந்தால்:''' படகு திரும்பும்போது சுழலி காற்றை இழுத்துப் பிடிப்பிழக்கும். சுழற்சி வேகம் திடீரென ஏறும். குளிர்விக்கும் நீரை உள்ளிழுக்கும் துளைகள் நீருக்கு மேல் வந்தால், மோட்டார் சூடேறிப் பழுதடையும்.

மோட்டாரின் தாங்கியில் ஒன்றன்கீழ் ஒன்றாகத் துளைகள் உள்ளன. பெரும்பாலானவற்றில் இவற்றின் இடைவெளி 3/4 அங்குலம் (19 மி.மீ.) ஆகும். மரைகளைத் தாங்கியின் கீழ்த்துளைக்கு மாற்றினால் மோட்டார் ஒரு படி உயரும். ஒவ்வொரு படிக்கும் பின் படகை ஓட்டிப் பார்த்து, திருப்பங்களில் சுழலியின் பிடிப்பும் குளிர்நீரின் ஓட்டமும் சோதிக்கப்படும். மரைகளைத் தளர்த்துமுன் மோட்டாரின் முழு எடையையும் பாரந்தூக்கியில் தாங்கவைத்தல் வேண்டும்.

== மரைத்துளைகள் ==

மோட்டாரை உயர்த்தும்போது பழைய அடைப்புப் பசையின் பிடிப்பு அறுந்துவிடும். ஆகவே மரைகளைக் கழற்றித் துப்புரவாக்கிப் புதிய பசை இடப்படும். மரத்துளைகளைச் சற்றுப் பெரிதாக்கி, எப்பாக்சியால் நிரப்பி, அதன் நடுவே மீண்டும் துளையிடுவது மேலும் பாதுகாப்பானது. அப்போது மரைகள் மரத்தைத் தொடாமல் எப்பாக்சியினூடே செல்லும். பயன்படாத பழைய துளைகளும் இவ்வாறே அடைக்கப்படும். மோட்டாரைக் கையால் மேலும் கீழும் அசைக்கும்போது பின்பலகை வளைந்து கொடுத்தால், உள்மரம் உளுத்திருக்கக்கூடும். அந்நிலையில் உயரத்தைச் சரிசெய்வதற்கு முன் பின்பலகையையே சீரமைக்க வேண்டும்.