ஒரே பெஞ்சு, இரண்டு சான்றிதழ்

எங்கள் காலனியிலிருந்து ஒரே ஆண்டில் மூன்று பேர் கல்லூரிக்குப் போனோம். தொண்ணூறுகளின் பிற்பகுதி அது. அதற்கு முன் அந்தத் தெருவில் பிளஸ் டூ தாண்டியவர் கிடையாது. நாங்கள் போனது நகரத்துப் பெரிய கல்லூரி அல்ல. பஸ்ஸை விட்டு இறங்கி ஒரு மைல் நடக்க வேண்டிய, ஐந்தாறு துறைகள் மட்டுமே இருந்த சிறிய கிறித்தவக் கல்லூரி. எங்களில் இருவர் ஞானஸ்நானம் பெற்ற குடும்பம். மூன்றாமவர் மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றும் குடும்பம். மூவரும் ஒரே தாத்தாவின் பேரப்பிள்ளைகள்.

முதல் நாள் காலை மணி அடித்ததும் எல்லாரும் ஜெபத்துக்குப் போனார்கள். நாங்கள் வாசல் ஓரமாகவே நின்றோம். எங்கள் ஊர்க் கோயிலில் காலனிக்காரர்களுக்கு ஒரு பக்கம்தான். நடுவில் போய் உட்கார்ந்தவர் யாரும் இல்லை. கல்லறைத் தோட்டத்திலும் நடுவே சுவர். திருவிழாத் தேர் காலனி முனையோடு திரும்பிவிடும். அந்தப் பழக்கத்தில் நின்ற எங்களை முதல்வராக இருந்த பாதர் பார்த்தார். "பெஞ்சு காலியாத்தானே இருக்கு, உள்ளே போங்கப்பா" என்றார். போனோம். பக்கத்தில் ஊர்த்தெருப் பையன்கள். ஒருவரும் எழுந்து போகவில்லை. மூன்று ஆண்டும் அந்தப் பெஞ்சில்தான் உட்கார்ந்தோம்.

சின்னக் கல்லூரியில் ஒரு நன்மை உண்டு. எல்லாரையும் பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள். அறுப்புக் காலத்தில் நாலு நாள் வராவிட்டால் ஐந்தாம் நாள் விசாரிப்பார்கள். கூலிக்குப் போனோம் என்று சொல்ல முதலில் கூசியது. பிறகு அந்தக் கூச்சம் போய்விட்டது. பஸ்ஸுக்குக் காத்திருக்கும் நேரத்தில் நூலகத்தைத் திறந்து வைத்திருப்பார் நூலகர். அண்ணல் அம்பேத்கரின் எழுத்தைத் தமிழில் முதன்முதலாகப் புரட்டியது அந்த நூலகத்தில்தான். ஊர்ப் பள்ளிகள் நம்மை வாசலில் நிறுத்திய காலத்தில் மிஷன் பள்ளிகள் கதவு திறந்தன. நம் தலைவர் எம்.சி. ராஜா சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் படித்தவர். அந்தக் கடனை நாம் மறுக்கவில்லை.

ஆனால் மறக்காத இன்னொன்றும் இருக்கிறது.

உதவித்தொகைப் படிவம் வந்தபோது, கூழ் ஊற்றும் வீட்டுப் பையனுக்கு மட்டும் கொடுத்தார்கள். மற்ற இருவரும் கை நீட்டியபோது, "நீங்க பி.சி. ஆச்சே, இது உங்களுக்கு இல்லை" என்றார் அலுவலக எழுத்தர். தாத்தா ஒருவர், தெரு ஒன்று, டீக்கடையில் எங்களுக்கு வைத்திருந்த டம்ளரும் ஒன்று. சான்றிதழ் மட்டும் இரண்டு. அந்த ஆண்டுக் கட்டணத்துக்கு ஒரு வீட்டில் கன்றுக்குட்டியை விற்றார்கள். இன்னொரு வீட்டில் தோடு அடகுக் கடைக்குப் போனது.

அடுத்த ஆண்டு தமிழ்ப் பேராசிரியர் ஒருவர் எங்களைக் கலெக்டர் அலுவலக வளாகத்திலிருந்த ஆதிதிராவிடர் நல அலுவலகத்துக்கு அழைத்துப் போனார். கிறித்தவத்துக்கு மாறிய ஆதிதிராவிட மாணவர்களுக்கும் மாநில அரசின் உதவித்தொகை உண்டு என்பது அங்கேதான் தெரிந்தது. எழுத்தருக்கு அது தெரியவில்லை. தெரியாததற்கு விலை கொடுத்தது எங்கள் வீட்டுக் கன்றுக்குட்டி.

இந்தக் குழப்பத்தின் வேர் 1950ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணை. இந்துக்கள் மட்டுமே பட்டியல் சாதியினர் என்றது அது. 1956இல் சீக்கியரும், 1990இல் பௌத்தரும் சேர்க்கப்பட்டனர். கிறித்தவரும் இஸ்லாமியரும் இன்றும் வெளியே. தமிழ்நாட்டில் மதம் மாறிய ஆதிதிராவிடர் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் இருக்கிறார்கள். கூலி வீட்டுப் பிள்ளை நிலமும் கடையும் உள்ள வீட்டுப் பிள்ளைகளோடு ஒரே இடத்துக்குப் போட்டியிட வேண்டும். 2004 முதல் இதற்கு எதிரான வழக்கு உச்ச நீதிமன்றத்தில் இருக்கிறது. 2022இல் முன்னாள் தலைமை நீதிபதி கே.ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் ஒன்றிய அரசு ஆணையமும் அமைத்தது.

திருச்சபையிடமும் நமக்குக் கேள்வி உண்டு. அரசியல் சட்டத்தின் 15(5) பிரிவு தனியார் கல்லூரிகளிலும் இடஒதுக்கீடு கொண்டுவர அரசுக்கு அதிகாரம் தருகிறது. சிறுபான்மை நிறுவனங்களுக்கு அதில் விலக்கு. ஆகவே அங்கே சட்டம் கட்டாயப்படுத்தாது. நிர்வாகத்தின் மனசாட்சிதான் இடம் கொடுக்க வேண்டும். இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவை 2016இல் தலித் மேம்பாட்டுக்கான கொள்கையை வெளியிட்டது. திருச்சபைக்குள் தீண்டாமை இருப்பதை அதில் ஒப்புக்கொண்டது. நல்லது. நாங்கள் படித்த காலத்தில் எங்கள் கல்லூரி ஆசிரியர்களில் நம் மக்கள் ஒருவர்தான். எங்களை அலுவலகத்துக்கு அழைத்துப் போனவர் அவர்தான். மாணவர்க்குப் பெஞ்சில் இடம் கொடுத்தவர்கள், ஆசிரியர் நாற்காலியிலும் கொடுக்க வேண்டாமா?

இந்த ஆண்டு எங்கள் காலனிப் பெண் ஒருத்தி சுயநிதிப் பிரிவில் சேர்ந்தாள். "முதலில் பணத்தைக் கட்டு, உதவித்தொகை வந்தால் பார்க்கலாம்" என்றார்கள். அவள் அம்மா, "போதும்மா, பனியன் கம்பெனிக்கு ஆள் எடுக்கிறாங்களாம்" என்று சொல்லத் தொடங்கிவிட்டார். 2012ஆம் ஆண்டின் அரசாணை 92இன் நகலை எடுத்துக்கொண்டு நாங்கள் கூடப் போனோம். ஆதிதிராவிடர், பழங்குடியினர், கிறித்தவத்துக்கு மாறிய ஆதிதிராவிடர் ஆகிய மாணவர்களின் கட்டாயக் கட்டணத்தை அரசே ஏற்கும் என்கிறது அது. குடும்ப ஆண்டு வருமான வரம்பு 2.5 லட்சம் ரூபாய். நகலைப் படித்துவிட்டு அவளைச் சேர்த்துக்கொண்டார்கள்.

எனவே மாணவச் செல்வங்களே, பெற்றோரே, பிளஸ் டூ முடிவு வரும்வரை காத்திருக்க வேண்டாம். சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், வங்கிக் கணக்கு மூன்றையும் முன்பே தயாராக வையுங்கள். "உனக்கு இல்லை" என்று யாராவது வாயால் சொன்னால், எழுதிக் கேளுங்கள். பதிலை எழுத்தில் வாங்குங்கள். வாங்கியதை எடுத்துக்கொண்டு மாவட்ட ஆதிதிராவிடர் நல அலுவலகத்துக்குப் போங்கள். துணைக்கு ஆள் வேண்டுமா? ஒவ்வொரு காலனியிலும் எங்களைப் போல முன்னே படித்தவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் வீட்டுக் கதவைத் தட்டுங்கள்.